யாரும் ஃபோல்டு செய்யாத மேசையில் போக்கர்: கோவா கிளம்பும் முன் கோத்தகிரியில் ஒத்திகை

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. பணம் கட்டி ஆன்லைனில் ஆடுவதையும் 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்திவிட்டது. அதனால் நம் மலையிலிருந்து போக்கர் ஆடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் போய்ச் சேருவது கோவாவில், பனாஜி பக்கம் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களுக்கு. 21 வயது ஆகியிருக்க வேண்டும். சின்னத் தொகை மேசையில் உங்களோடு உட்காருகிறவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமலே ப்ளைண்ட் போட்டுப் பழகியவர்கள். இந்தக் குறிப்பு அவர்களோடு ஆடுவதற்கு மட்டும்தான்.

படி 1: வீட்டில் ஒத்திகை

ஐப்பசி மழை பிடித்தால் கோத்தகிரியில் சாயங்காலத்துக்கு மேல் வேறு வேலை இல்லை. ஐந்தாறு பேர் உட்காருங்கள். காசு வேண்டாம். ஆளுக்கு இருநூறு புளியங்கொட்டை, ஒரு கொட்டை ஐம்பது ரூபாய் என்று கணக்கு. வர்க்கித் தட்டை மேசையை விட்டுத் தள்ளி வையுங்கள். அந்த நெய்ப் பிசுக்கு ஏஸின் முதுகில் ஒட்டினால் பத்தாவது நிமிஷம் எல்லாருக்கும் ஏஸ் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டெக்சஸ் ஹோல்டெம் முறை சுருக்கமாக: ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. நடுவில் முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஜோடி, ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து எண்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே இனம்) என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிடும்.

படி 2: டிராப் போடப் பழகுங்கள்

ரம்மி ஆடுகிறவருக்கு இது புதிதல்ல. மோசமான கை வந்தால் முதலிலேயே டிராப் போடுவோம் இல்லையா, அதேதான் ஃபோல்டு. பத்துக் கையில் ஏழெட்டைத் தூக்கிப் போடுங்கள். பெரிய ஜோடிகள், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ராஜா-ராணி போன்றவை ஆடத் தகுந்தவை. சின்ன ஜோடி வந்தால் மலிவாக மட்டும் ஃப்ளாப் பாருங்கள். மூன்றாவது சீட்டு ஒட்டுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான். டீலர் பட்டன் (கடைசியில் பேசுகிறவர் யார் என்று காட்டும் வில்லை) உங்களிடமோ உங்களுக்கு அடுத்துப் பேசுகிறவரிடமோ இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக ஆடலாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுவது நீங்கள்.

படி 3: நல்ல கைக்குப் பெரிய விலை கேளுங்கள்

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. “என்னதான் வருதுன்னு பாத்துடுவோமே மச்சான்” என்று எதற்கும் கால் செய்கிற (நாம் வைத்த தொகையைத் தானும் போட்டுக் கூடவே வருகிற) ஆளிடம் ப்ளஃப் (வெறுங்கையை நல்ல கையாகக் காட்டுவது) எடுபடாது. அவரைப் பயமுறுத்தப் பார்ப்பது வீண். நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் அவர் கொடுக்கக்கூடிய அளவுக்கு வாங்குங்கள்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். பிளைண்ட் 50-100 (மூணு சீட்டு ப்ளைண்ட் வேறு; இது பட்டனுக்கு அடுத்த இரண்டு பேர் முதலிலேயே கட்டாயமாகப் போடுவது). உங்கள் முன் 10,000. ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ராஜா வந்திருக்கிறது, பட்டன் உங்களிடம். உங்களுக்கு முன் மூன்று பேர் வெறுமனே நூறு நூறு போட்டிருக்கிறார்கள். பலர் இங்கே 300 என்பார்கள், மேசையே கூட வரும். இரண்டு ஏஸ் கையில் இருந்தால்கூட எதிரில் ஒருவர் என்றால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். நான்கு பேர் என்றால் பாதிக்குச் சற்று மேல்தான். அதனால் பெரிய பிளைண்டைப் போல நான்கு மடங்கு, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மடங்கு கூடுதல் என்று 700 சொல்லுங்கள்.

இரண்டு பேர் வருகிறார்கள். விலகியவர்கள் போட்டதும் சேர்த்து நடுவில் 2,350. ஃப்ளாப்: கிளாவர் ராஜா, ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 3. நீங்கள் 1,600 போடுகிறீர்கள். ஒருவர் போய்விட்டார், ஒருவர் கால். டர்ன் ஸ்பேட் 5. நடுவில் இப்போது 5,550. தயங்காமல் 3,500.

எதிராளி கையில் இரண்டு ஆர்ட்டின் வைத்து ஃப்ளஷுக்குக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். அவர் பார்க்காத 46 சீட்டில் ஒன்பது சீட்டு ஆர்ட்டின். அதாவது ஐந்துக்கு ஒன்று. ஒட்டாத நான்கு தடவையில் 14,000 இழப்பார், ஒட்டுகிற ஒரு தடவை 9,050 எடுப்பார். அவருக்கு நஷ்டக் கணக்கு. ஆனாலும் கால் செய்வார், அதனால்தான் கேட்கிறோம்! ராஜா-9 வைத்திருந்தால் இன்னும் சந்தோஷமாகக் கால் செய்வார். ரிவரில் ஒன்றுக்கும் உதவாத டைமண்ட் 2 விழுந்தால் மிச்சம் 4,200ஐயும் போட்டுவிடுங்கள்.

ரிவர் ஆர்ட்டினாக விழுந்து, இதுவரை பேசாமல் கால் செய்துகொண்டே வந்தவர் திடீரென்று முந்திக்கொண்டு பெரிய தொகை வைத்தால்? நம்புங்கள். இந்த மாதிரி ஆள் கையில் ஒன்றும் இல்லாமல் அப்படிச் செய்வது அபூர்வம். ஏஸ்-ராஜா எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். வீட்டு ஒத்திகையில் அதிகம் பழக வேண்டியது இதைத்தான். புளியங்கொட்டைக்கே மனசு வராது.

படி 4: மேசை நடப்பு

தொகையை முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் சிப்பைத் தள்ளுங்கள். கொஞ்சம் வைத்து, மறுபடி கொஞ்சம் எடுத்து வைத்தால் செல்லாது. ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால் அது கால்தான், ரெய்ஸ் (தொகையைக் கூட்டுவது) ஆகாது. இன்னொன்று, நம் ஆட்கள் இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் கை நடக்கும்போது தமிழில் பேசாதீர்கள். சீட்டைப் பற்றி இல்லாவிட்டாலும், “மாமா, டீ சொல்லட்டுமா” என்பதைக்கூட டீலர் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் தொகையிலிருந்து கேசினோ தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சில்லறைத் தொகைகளுக்காக மல்லுக்கட்டினால் அந்தப் பங்குக்கே சரியாகப் போய்விடும்.

படி 5: எப்போது எழுந்திருப்பது

போனாலும் வீட்டில் பேச்சு வராத தொகையை மட்டும் எடுத்துப் போங்கள். ஏடிஎம் கார்டு அறையிலேயே இருக்கட்டும். நல்ல கை வைத்தும் தொடர்ந்து தோற்கிற ராத்திரி உண்டு. அன்றைக்குக் கோபத்தில் குப்பைக் கையெல்லாம் ஆட ஆரம்பித்தால் நீங்களும் அந்த “பாத்துடுவோமே” கூட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், எழுந்துவிடுங்கள்.

ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அவ்வப்போது மேசையைச் சுற்றிப் பாருங்கள். கலகலவென்று கால் செய்தவர்கள் சாப்பிடப் போய்விட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசாமல் ஃபோல்டு செய்கிறவர்கள் மட்டும் மிச்சம் இருந்தால், சிப்பை அள்ளிக்கொண்டு நேராகக் கேஷியர் கவுண்டருக்குப் போங்கள்.