11 ஆம் இலக்கத்தை வழியனுப்புவது எப்படி

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் நான் 20 வருடத்துக்கு மேலாகச் செயலாளர். விளையாடிய காலத்தில் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதனால்தான் கொப்பியும் லைன் கொடியும் என் கைக்கு வந்தன. இந்தக் காலத்துக்குள் ஏழெட்டுப் பேருக்குப் பிரியாவிடை வைத்துவிட்டேன். கனடா, பிரான்ஸ், கல்யாணம், முழங்கால் என்று ஆளுக்கொரு காரணம். கடைசியாகப் போனவர் எங்கள் இடது விங், இடது கோட்டோரமாக ஓடி ஆடுகிறவர். 14 வருடம் ஒரே கழகம், ஜேர்சியில் ஒரே 11 ஆம் இலக்கம், ஒரே பக்கம். அந்த ஒரு பின்னேரம்தான் ஓரளவு ஒழுங்காக அமைந்தது. மற்றவற்றில் விட்ட பிழைகளையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்.

முதலில் நாள். விமான ரிக்கற் போட்டவுடனேயே போய்க் கேட்டு வாங்குங்கள். கடைசி வாரத்தில் வைக்கவே கூடாது. அந்த வாரம் முழுக்க அவர் சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், வயிற்றோடு விங்கில் ஓட முடியாது. இரண்டு கிழமைக்கு முந்தைய ஞாயிறு நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள் வைத்தால் சனம் வராது. யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் இறுதிப் போட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, மாரியில் எங்கள் மைதானத்தில் தவளைதான் விளையாடும். அவருக்கு வாசிகசாலை மண்டபம்தான். இங்கிலாந்துப் போட்டிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே பின்னேரம் 3 மணி என்றால் இங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பெடியன்கள் உங்கள் ஆட்டத்தையும் பார்த்துவிட்டு அதற்கும் போகலாம்.

அடுத்தது ஒருவரும் யோசிக்காத விஷயம். இதில் கொஞ்சம் நின்று கதைக்க வேண்டும்.

விங்கர் என்பவர் மைதானத்தின் ஒரு ஓரத்துக்குச் சொந்தக்காரர். பாதி நேரம் முடிந்து பக்கம் மாறினால் அவரும் மறு ஓரத்துக்குப் போய்விடுவார். எங்கள் மைதானத்தில் சனம் இருப்பது மேற்குப் பக்கம், வேப்பமரங்களுக்குக் கீழே. பின்னேர வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், நிழலும் உண்டு. கிழக்குப் பக்கம் வேலியும் பனையும்தான், இரண்டு ஆடு கட்டியிருக்கும். எங்கள் அணி வடக்கு நோக்கி அடித்தால் இடது விங் சனத்துக்கு முன்னால் ஓடுவார். தெற்கு நோக்கி அடித்தால் ஆடுகளுக்கு முன்னால். இதற்கு முன் ஒருவருடைய பிரியாவிடை ஆட்டத்தில் நான் இதை யோசிக்கவில்லை. இரண்டாம் பாதியில் அவரை வெளியே எடுத்தபோது அவர் கிழக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். 2019 இல் மாறிய விதிப்படி மாற்றப்படும் ஆட்டக்காரர் தனக்குக் கிட்டிய கோட்டால் வெளியேற வேண்டும். நடுவரும் சட்டம் தெரிந்த மனிதர், அந்தப் பக்கமாகவே கையைக் காட்டினார். மனிதர் ஆட்டுக்குப் பக்கத்தால் இறங்கி, வேலியோரமாக அரை மைதானம் சுற்றி வந்து சேர்வதற்குள் கைதட்டிய சனம் கை ஓய்ந்து கச்சான் கொறிக்கத் தொடங்கிவிட்டது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நாணயச் சுழற்சியில் வெல்கிற அணி எந்தப் பக்கம் அடிப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். நட்பு ஆட்டம்தானே, எதிரணித் தலைவரோடு முதல் நாளே கதைத்து வையுங்கள்: முதல் பாதி நாங்கள் தெற்கே, இரண்டாம் பாதி வடக்கே. அப்படியென்றால் கடைசி நேரத்தில் அவர் சனத்தின் பக்கம் நிற்பார், கிட்டிய கோடும் அதுவாகவே இருக்கும். மைதானம் வேறு திசையில் கிடந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி தொடங்கி 20 நிமிடத்தில் எடுங்கள். கடைசி நிமிடம் வரை வைத்திருந்தால் விசில் ஊதியவுடன் சின்னப் பெடியன்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிடுவார்கள், அவர் தனியாக நடந்து வருவதை ஒருவரும் பார்க்க முடியாது.

தென்கொரிய ஆட்டக்காரர் சொன் ஹுங்-மின் இங்கிலாந்தின் டொட்டன்ஹாம் கழகத்தை விட்டுப் போனதை என் மருமகனோடு பார்த்துத்தான் இது எனக்கு விளங்கியது. 2025 ஆகஸ்ட் 3, சோலில் நியூகாசிலோடு நட்பு ஆட்டம். இரண்டாம் பாதி நடுவில் அவரை எடுத்தார்கள், இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சூழ்ந்து நின்று அனுப்பினார்கள். ஆட்டம் நின்றுபோய்க் கிடந்தது, ஒருவரும் கோபிக்கவில்லை. நட்பு ஆட்டத்தில் அதைச் செய்யலாம். மருமகன் டொட்டன்ஹாம் பைத்தியம். 10 வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஸ்பெயினின் பில்பாவோவில் சொன் ஐரோப்பா லீக் கிண்ணத்தைத் தூக்கியபோதே போகப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்றான். தெரிந்தும் அழுதான்.

அதே மருமகன்தான் என்னை வேறொரு வேலைக்கும் இழுத்துவிட்டான். சொன் அந்தக் கழகத்துக்கு 454 ஆட்டம் ஆடி 173 கோல் அடித்தார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் 11 எத்தனை? என் சீ.ஆர். கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருடக் கணக்கைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் கோல் அடித்தவர் பெயர் இருக்கிறது, அந்தக் கோலுக்குப் பந்து கொடுத்தவர் பெயர் இல்லை. விங்கருடைய வேலையே கொடுப்பதுதான். 14 வருடம் கோட்டோரத்தில் ஓடி ஓடிக் கொடுத்ததில் ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை.

எண்ணிக்கை இல்லாவிட்டால் ஞாபகத்தைச் சேருங்கள். பாதியாகக் கிழித்த கொப்பித் தாள் 50, பேனை 10 போதும். ஆட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் வீடு வீடாக, கடை கடையாகப் போங்கள். வட்ஸ்அப் குழுவில் கேட்டால் எல்லோரும் இதயப்படம்தான் போடுவார்கள். கேட்கிற கேள்வியிலும் விஷயம் இருக்கிறது. அவருடைய சிறந்த கோல் எது என்று கேட்டால் எல்லோரும் ஒரே இறுதிப் போட்டியைத்தான் சொல்வார்கள். நான் மாற்றிக் கேட்டேன்: "நீங்கள் எங்கே நின்று பார்ப்பீர்கள்? அங்கேயிருந்து என்ன தெரியும்?"

கச்சான் விற்கிற ஆச்சிக்குப் பந்து தெரியாதாம், முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியுமாம். "அவன் பந்தை எடுத்தா எனக்கு யாவாரம் நிண்டுடும் தம்பி. எல்லாரும் எழும்பிடுவினம்" என்றார். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து எடுத்துக் கொடுக்கும் பெடியன், "அண்ணை குறொஸ் போடக் காலைத் தூக்கேக்கையே பந்து வடலிக்குள்ள போகப்போகுதா இல்லையா எண்டு எனக்குத் தெரியும். அவர் அடிக்க முதல் நான் ஓடிடுவன்" என்றான். முழங்காலோடு ஓய்ந்துபோன ஒரு பழைய வலது பின்காப்பாளர், பயிற்சியில் அவரை மறித்து மறித்தே தன் முழங்கால் போனது என்று எழுதித் தந்தார். சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது: ஆட்டம் முடிய எல்லோருடைய பூட்ஸும் சிவப்பு மண், அவருடைய இடது பூட்ஸின் வெளி ஓரம் மட்டும் வெள்ளை. நான் 14 வருடம் லைனில் நின்றவன். அந்தக் காலை என்னைவிடக் கிட்ட நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு அது படவில்லை.

பிழைகளையும் வாங்குங்கள். புகழ்ச்சி மட்டும் என்றால் மரண அறிவித்தல் போல ஆகிவிடும். அவர் அடித்த ஒரு தண்ட உதை பக்கத்து வளவுக் கிணற்றுக்குள் விழுந்ததையும், அவரே போய் வாளியால் அள்ளியதையும் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேருக்கும் கிணறு வேறு வேறு திசையில்.

எல்லோரிடமும் கேட்டுவிட்டு நானும் ஒன்று எழுத வேண்டியதாயிற்று. ஒரு அரையிறுதியில் லைனில் நின்றவன் நான். சொந்தக் கழகம் என்பதால் பக்கம் சாய்கிறேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அவர் அடித்த கோலுக்குக் கொடியைத் தூக்கினேன். தோற்றோம். அதை எழுதி மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகிவிட்டேன். வாசித்துவிட்டு மறு நாள் சைக்கிளில் வந்தார். "அண்ணை, அது ஓவ்சைட்தான்" என்றார். ஓவ்சைட் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

இனி பரிசு. கண்ணாடிக் கேடயம் வேண்டவே வேண்டாம். விமானத்தில் கிலோக் கணக்கு. தாய் ஏற்கெனவே மிளகாய்த்தூள், ஒடியல் மா, பினாட்டு என்று பெட்டியை நிரப்பியிருப்பார். நீங்கள் கொடுக்கிற கேடயம் மச்சான் வீட்டு அலுமாரிக்குத்தான் போகும். தாள்களை ஒரு கொப்பியாகத் தைத்துக் கொடுங்கள், அணி ஒப்பமிட்ட ஜேர்சி ஒன்று, போதும். இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிலர் கிளம்புவார்கள். பெரிய கழகங்களுக்கு அது சரி. எங்களிடம் இருப்பது வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய 18 ஜேர்சி, ஒன்றை மடித்து வைத்தால் ஒருவர் பனியனோடு ஆட வேண்டும். அவர் வெளியேறும் இடத்தில் மாற்றாக இறங்கும் பெடியனுக்கே 11 ஐ அணிவித்து நிறுத்துங்கள். அந்த நிமிடத்தில் மைதானத்தில் இரண்டு 11 நிற்கக் கூடாது என்று நடுவர் முணுமுணுப்பார். ஒருவர் உள்ளே போகும் முன் மற்றவர் வெளியே வந்துவிடுவார், பிரச்சினை இல்லை.

பேச்சு ஆட்டத்துக்குப் பிறகுதான். நான் வைத்த முதல் பிரியாவிடையில் பேச்சை முன்னால் வைத்தேன். பிரதம விருந்தினர் ஒரு மணி நேரம் பிந்தி வந்து முக்கால் மணி நேரம் பேசினார், பொன்னாடை ஆறு பேர் போர்த்தார்கள், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து தெரியவில்லை. போகிறவர் வேட்டியைக் கழற்றி ஜேர்சி போட்டு மூன்று தடவைதான் பந்தைத் தொட்டார். 4 மணிக்கு விசில், யார் வந்தாலும் வராவிட்டாலும். பேச்சு மூன்று பேர், ஒலிவாங்கியை நீங்களே வைத்திருங்கள். சாப்பாட்டுக்கு ரோல்ஸ், வடை, சோடா. எதிரணிக்கு முதலில் கொடுங்கள்.

வெளிநாட்டுக்கு இல்லாமல் அடுத்த ஊர்க் கழகத்துக்குப் போகிறவர் என்றால் இதெல்லாம் கொஞ்சம் கசக்கும். அப்போதும் மற்றக் கழகத்துக்கு ஆட அவரை விடுவிக்கும் விடுகைக் கடிதத்தை உடனே கொடுங்கள். நான் ஒருவருடைய கடிதத்தை வீம்புக்கு இரண்டு மாதம் லாச்சிக்குள் வைத்திருந்தேன். அந்தப் பருவம் அவர் எங்களுக்கும் ஆடவில்லை, அவர்களுக்கும் ஆடவில்லை. இப்போதும் சந்தையில் கண்டால் மறுபக்கம் பார்ப்பார். நியாயம்தான்.

போகிற நாள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் இரவில்தான் வெளிக்கிடும். முழு அணியும் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம், அந்த நேரம் தாய்க்குரியது. ஒழுங்கை முனையில் நில்லுங்கள், வான் அங்கே எப்படியும் மெதுவாகும். ஒன்று மட்டும்: எல்லோரும் இடது பக்கம் நிற்காதீர்கள். எங்கள் பெடியன்கள் பழக்கத்தில் அப்படித்தான் நின்றார்கள், வான் திரும்ப இடமில்லாமல் சாரதி இறங்கி வந்து ஏசினார்.