ஓசோன் ஓட்டையால் பூமி சூடாகவில்லை: புவியியல் விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததால் வெயில் நேராக இறங்கி பூமி சூடாகிறது.” சென்னையில் புவியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்த வரி வராத வருஷமே கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதை எழுதுகிறார்கள்.

இதில் இரண்டு வேறு கதைகள் கலந்துவிட்டன. ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அதை அரித்தவை பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பாக்களில் இருந்த குளோரோ புளோரோ கார்பன்கள். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவற்றின் பயன்பாடு குறைந்தது, படலமும் மெல்ல மீண்டுவருகிறது. பூமி சூடாவது வேறு வழியில். வெயிலில் காய்ந்த தரை வெப்பத்தைத் திருப்பி அனுப்பும்போது கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைக்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் 10 லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதற்காக, பசுமை இல்ல விளைவே கெட்டது என்றும் எழுதிவிடாதீர்கள். அது இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் சுமார் −18 டிகிரி செல்சியஸ்தான். சிக்கல் அதன் மிகுதியில் இருக்கிறது.

அடுத்தது வானிலையும் காலநிலையும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி ஓடியது. 2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இவை காலநிலை மாற்றத்துக்கு நிரூபணம் என்று எழுதினால் தவறு. காலநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுகால வானிலையின் சராசரி. சரி, தொடர்பே இல்லையா? இருக்கிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கனமழைக்கான வாய்ப்பு கூடுகிறது. ‘வாய்ப்பு கூடுகிறது’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தாலே விடை சரியாகிவிடும்.

ஆற்றல் பாடத்தில் குழப்பம் இவ்வளவு இல்லை. புதுப்பிக்கத்தக்கது என்றால் புகையற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். கல்பாக்கம் அணுமின் நிலையம் புகை விடுவதில்லை, ஆனால் யுரேனியம் தீரக்கூடிய வளம். விறகு மறுபடி வளரும், ஆனால் எரித்தால் புகை. தீருமா, எரித்தால் என்ன வெளியேறும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். அப்புறம், மின்சாரம் ஓர் ஆற்றல் மூலவளம் இல்லை. மின்சார ஸ்கூட்டரை சார்ஜ் செய்யும் மின்சாரத்தில் ஒரு பங்கு அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியிலிருந்து வருவது.

என்னை அதிகம் வருத்துவது நீர் மாசு விடைகள்தான். கண்ணெதிரே கூவம் ஓடும் ஊரில், “தொழிற்சாலைக் கழிவால் நீர் மாசடைகிறது” என்று ஒற்றை வரியோடு முடித்துவிடுகிறார்கள். கூவத்தில் பெரும்பாலும் கலப்பது வீட்டுச் சாக்கடை. அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. பாலத்தைக் கடக்கும்போது வரும் அழுகிய முட்டை வாடை அதுதான். எண்ணூர் கழிமுகத்தில் காரணங்கள் வேறு: அனல்மின் நிலையச் சாம்பல், சூடான நீர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெய். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கு அதுவே ஆபத்து. எந்த நீரில் எது கலந்தது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்பதும் பிழை. மீஞ்சூர் பக்கத்துக் கிணற்று நீர் தெளிவாக இருந்தும் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. இதற்கு “கடல் மட்டம் உயர்ந்ததால்” என்று காரணம் எழுதுகிறார்கள். அங்கே பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், நல்ல நீர் காலியான இடத்தில் கடல்நீர் உள்ளே புகுந்தது. முதன்மைக் காரணம் ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார்தான்.