ஒன்றுமே தெரியாத கண்ணாடிதான் நல்ல கண்ணாடி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருக்கும் எங்கள் கண்ணாடிக் கடைக்கு, சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வாடிக்கையாக வரும் ஒரு ஆயா இருக்கிறார். டர்பனில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். போன முறை வந்தபோது, நான் மாதிரிக்கு வைத்திருந்த, சூரிய கிரகணம் பார்ப்பதற்கான அட்டைக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "என்னம்மா இது, ஒண்ணுமே தெரியலையே? கெட்டுப்போச்சா?" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்.

கெட்டுப்போகவில்லை ஆயா, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். கடைக்குள் எரிகிற விளக்கு, என் முகம், வாசல் கதவு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால்தான் அது கெட்ட கண்ணாடி.

நான் திண்டுக்கல்காரி. 14 வருஷமாக இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. கொஞ்ச நாளாக வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது 2030-ஐப் பற்றித்தான். அந்த வருஷம் நவம்பர் 25, திங்கட்கிழமை காலையில், தீபாவளி அமாவாசைக்கு அடுத்த அமாவாசையன்று, முழு சூரிய கிரகணம் டர்பன் வழியாகவே போகிறது. நமீபியா, போட்ஸ்வானா, நம் நாட்டின் நடுப்பகுதி, லெசோத்தோ என்று வந்து, நம் தலைக்கு மேலாகக் கடலுக்குள் இறங்குகிறது நிழல். இதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் முழு கிரகணம் தெரிந்தது 2002 டிசம்பர் 4 அன்று, வடக்கே லிம்போபோ பக்கம். வீட்டு வாசலுக்கே வருகிற கிரகணத்தை யார்தான் விடுவார்கள்?

சரி, கண்ணாடிக்கு வருவோம். கூலிங் கிளாஸ் போதாதா என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. நல்ல கருப்புக் கூலிங் கிளாஸ் வெளிச்சத்தில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை உள்ளே விடும். கிரகணக் கண்ணாடி விடலாம் என்று அனுமதித்திருப்பது அதிகபட்சம் லட்சத்துக்கு 3 பங்கு சொச்சம். அதாவது கூலிங் கிளாஸ் விடுவது அதைப்போலக் குறைந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டினாலும் இருநூறு மடங்குக்குக் குறையாது. கண்ணுக்குள் இருக்கும் விழித்திரைக்கு வலி தெரியாது, அதுதான் இதில் பெரிய வினை. சுடும்போது ஒன்றும் உணர மாட்டீர்கள். சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ பேப்பர் படிக்க உட்கார்ந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி நிற்கும். சிலருக்குச் சில மாதங்களில் தேறும், சிலருக்குத் தேறாது. அதற்கென்று மருந்து கிடையாது.

எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடித் துண்டு, சிடி தட்டு எல்லாம் வேண்டாம். ஊரில் நாங்கள் சின்ன வயதில் செய்ததுபோல் பாத்திரத்தில் மஞ்சள் தண்ணீரோ சாணித் தண்ணீரோ வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். இதைச் சொன்னதும் ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அம்மா காலத்துல இருந்து அப்படித்தான் பாத்தோம்" என்றார். மஞ்சளை எவ்வளவு கரைத்தாலும் பிம்பம் வருவது தண்ணீரின் மேற்பரப்பிலிருந்துதான், அடியில் இருக்கும் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உச்சி வெயிலிலேயே அந்தப் பரப்பு நூற்றுக்கு 2 பங்கைத் திருப்பி அனுப்பும். காலைச் சூரியன் சாய்வாக இருக்கும்போது அதைவிட அதிகம். லட்சத்துக்கு மூன்று எங்கே, நூற்றுக்கு இரண்டு எங்கே.

என் வீட்டுக்காரர் டர்பனின் ஜேகப்ஸ் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். "என்கிட்ட ஹெல்மெட் இருக்கே, அதுக்கு ஏன் காசு?" என்றார். எடுத்துப் பார்த்தால் அதில் இருந்தது 11-ம் நம்பர் கண்ணாடி; நம்பர் கூடக் கூடக் கருப்பும் கூடும். வழக்கமான வேலைக்கு 10, 11 தான் போடுகிறார்கள். சூரியனைப் பார்க்கக் குறைந்தது 12 வேண்டும், 14 என்றால் நிம்மதி. தீப்பொறி பட்டதும் தானாகக் கருக்கிற ஹெல்மெட்டை இதற்கு எடுக்கவே கூடாது. நம்பர் 14 சொந்தமாக வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பார்க்கலாம், சூரியன் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான்.

இனி வாங்குகிற விஷயம். அட்டைச் சட்டத்தின் உள்பக்கத்தில் ஐஎஸ்ஓ 12312-2 என்று அச்சிட்டிருக்கும். இதுதான் சூரியனை நேராகப் பார்க்கிற கண்ணாடிக்கான உலகத் தரம். ஆனால் அச்சு யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். இதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டவள். 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் திண்டுக்கல் வழியாகப் போனது. நான் லீவில் ஊரில் இருந்தேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு கண்ணாடி எடுத்து வரத் தோன்றவில்லை பாருங்கள். அன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கம் கூவி விற்றவரிடம் ஐந்து வாங்கினேன். தர எண், முத்திரை எல்லாம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து அக்கா மகன் மாட்டிக்கொண்டு, "சித்தி, டியூப்லைட் நல்லாத் தெரியுது, ஃபேன் கூடத் தெரியுது" என்றான். ஐந்தையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். ஒன்பதரை மணி வாக்கில் வானத்தில் வளையம் வந்தபோது நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதனால் எழுத்தை நம்புவதைவிட விற்பவரை நம்புங்கள். தயாரித்த கம்பெனியின் பெயரும் முகவரியும் கண்ணாடி மேலேயே இருக்க வேண்டும். அமெரிக்க வானியல் கழகம் நம்பகமான தயாரிப்பாளர்கள், விற்பனையாளர்களின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ராபாட்டில், அதாவது சிக்னலில், வண்டி நிற்கும்போது ஜன்னலில் நீட்டுகிறவரிடம் கூலிங் கிளாஸ் வாங்குங்கள், தப்பில்லை, இதை மட்டும் வாங்காதீர்கள். கடைசி வாரம் வரை இழுக்கவும் வேண்டாம். போலிச் சரக்கு குவிவது அப்போதுதான்.

வாங்கியதும் வீட்டிலேயே சோதிக்கலாம். முதலில் கண்ணாடியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கீறல், ஊசித்துளை, ஓரத்தில் பசை விட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளி வெளிச்சம் ஒழுகினாலும் வேண்டாம். அப்புறம் மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பாருங்கள், கும்மிருட்டாக இருக்க வேண்டும். போனின் டார்ச்சைப் பக்கத்தில் காட்டினால் மங்கலாக ஒரு புள்ளி தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம். இதில் தேறினால் வெளியே போய் ஒரு கணம் சூரியனைப் பாருங்கள். ஓரம் வெட்டினாற்போல் சின்ன வட்டம், சுற்றிலும் கருப்பு. கண் கூசினாலோ வட்டத்தைச் சுற்றிப் புகைபோல ஒளி படர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். கருப்புப் பிளாஸ்டிக் ஃபிலிமில் ஆரஞ்சாகவும், வெள்ளி பூசிய ஃபிலிமில் வெள்ளையாகவோ லேசான நீலமாகவோ தெரியும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், எனக்குக் கருப்பு பிடிக்கும். வெள்ளிப் பூச்சு சீக்கிரம் கீறல் விழும்.

இந்தச் சோதனை போலியைப் பிடிக்கும், ஆனால் நல்லது என்று சான்று தராது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்பையும் அது தடுக்கிறதா என்பதை லேபில்தான் அளக்க முடியும். விற்பவர் யார் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பவர் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே அட்டைக் கண்ணாடியை மாட்டலாம். குழந்தைகளுக்கு அட்டை மூக்கிலிருந்து வழுக்கும், காதோரம் இரண்டு துளை போட்டு எலாஸ்டிக் கட்டிவிடுங்கள். தலை குனிந்து மாட்டி, பிறகு நிமிர்ந்து பார்த்து, மறுபடி குனிந்து கழற்றச் சொல்லிப் பழக்குங்கள். இதை மாட்டிக்கொண்டு பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ மட்டும் பார்க்கவே கூடாது. அங்கே குவிகிற வெயில் ஃபிலிமைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போய்விடும். அவற்றுக்கு வடிகட்டி முன் லென்ஸின் மேல் இருக்க வேண்டும்.

டர்பனில் சூரியன் முழுசாக மறைகிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம், கழற்றவும் வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே தெரியாது. ஓரத்தில் வைர மோதிரம்போல் ஒரு பொட்டு வெளிச்சம் மறுபடி வந்ததும் உடனே மாட்டிவிடுங்கள். ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் சொந்தக்காரர்களுக்கு அங்கே பகுதிக் கிரகணம்தான், அவர்கள் ஒரு விநாடிகூடக் கழற்றக் கூடாது.

கண்ணாடி கிடைக்காவிட்டால்? திண்ணைக் கதை இதுதான். அம்மா சமையலறையிலிருந்து பூந்திக் கரண்டியை எடுத்து வந்து வெயிலில் பிடித்தார். கரண்டியின் ஒவ்வொரு துளையும் தரையில் ஒரு குட்டிப் பிறையைப் போட்டது, அப்புறம் எல்லாம் குட்டி வளையங்களாக மாறின. முதுகைச் சூரியனுக்குக் காட்டி நிற்க வேண்டும், துளை வழியாக மேலே பார்க்கக் கூடாது. ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் பிம்பம் 9 மில்லிமீட்டர்தான் இருக்கும், உயர்த்த உயர்த்தப் பெரிதாகும். மாமரத்தடியில் நின்றாலும் இலை இடுக்கு வெயில் இதே வேலையைச் செய்யும், டர்பனில் மாமரத்துக்கா பஞ்சம்?

பழைய அட்டைகளில் மூன்று வருஷத்துக்கு மேல் வைத்திருக்காதே என்று எழுதியிருக்கும். இப்போதைய தரத்துக்குச் சரியாகச் செய்தது, கீறல், மடிப்பு, துளை இல்லாமல் இருந்தால் எத்தனை வருஷமானாலும் உதவும். கசங்காமல் இருப்பதுதான் முக்கியம். ஆயா கடைசியில் நான்கு வாங்கிக்கொண்டு போனார். "எங்க வைக்கிறது?" என்று கேட்டார். எங்கள் வீட்டுக் கண்ணாடிகள் சாமி அலமாரியில், பழைய பஞ்சாங்கத்தின் நடுவில் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினேன்.