வேனில் டீசல் ஹீட்டர் பொருத்துதல்: அடித்தட்டு இணைப்பில் கவனிக்க வேண்டியவை

மார்கழிப் பனிக்கே ஒரு போர்வை போதுமான தஞ்சாவூரில், வண்டிக்குள் டீசலை எரித்துச் சூடேற்றும் கருவி எதற்கு என்று கும்பகோணத்து லேத் பட்டறையில் என்னைக் கேட்டவர்கள் பலர். சம்பா அறுவடை முடிந்து, மலைப்பாதைகளும் திறந்த பிறகு, குடும்பத்தோடு வேனிலேயே தங்கி லடாக் வரை சென்று வருவது எங்கள் திட்டம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் வண்டிக்குள் படுக்க வேண்டுமானால், இன்ஜின் ஓடாமலே வெப்பம் தரும் ஹீட்டர் தேவை. அதைப் பொருத்தியபோது நான் செய்த ஒரு பிழை உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கக்கூடும் என்பதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கருவியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். இதற்குள் இரண்டு காற்றோட்டங்கள் உள்ளன. ஒன்று, வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துச் சூடாக்கித் திரும்ப வண்டிக்குள்ளேயே விடுவது. மற்றொன்று, வெளிக்காற்றை இழுத்து டீசலை எரித்து, புகையை மீண்டும் வெளியே தள்ளுவது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓர் அலுமினிய வெப்பமாற்றி மட்டுமே. இந்த இரண்டு காற்றும் எந்த இடத்திலும், எந்த நிலையிலும் கலக்கக் கூடாது. கலந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே செயலிழந்துவிடுவார்.

வாங்கும்போது 2 கிலோவாட் கருவியையே தேர்ந்தெடுங்கள். 5 கிலோவாட் கருவி சிறிய வேனில் எப்போதும் குறைந்த அளவிலேயே ஓடும். அப்படி ஓடும் கருவிக்குள் கரி விரைவாகப் படியும். வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின் கீழ் வருவதால், துளை போடுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடித்தட்டு

நான் தடுமாறிய இடம் இதுதான். ஹீட்டரின் அடியிலிருந்து புகைக்குழாய், காற்றுக்குழாய், டீசல் குழாய் ஆகிய மூன்றும் தரையைத் துளைத்துக் கீழே இறங்குகின்றன. வேனின் தரைத்தகடோ மேடும் பள்ளமுமாக வரிவரியாக இருக்கும். நான் அந்த வரிகளின் மேலேயே, இடைவெளியை அடைக்கும் ரப்பர் கேஸ்கட்டை வைத்து, நான்கு நட்டுகளையும் முழு பலத்தோடு முடுக்கினேன். கேஸ்கட் மேட்டில் அழுந்தியது. பள்ளத்தில் விரலின் கனத்திற்கு இடைவெளி நின்றது. போதாததற்கு, அளவுக்கு மீறி முடுக்கியதில் கருவியின் அடிப்பாகம் முறுக்கிக்கொண்டு, விசிறி உறையில் உரசும் ஒலியும் கேட்டது.

பாபநாசம் அருகே ஒரு நெல் அரவை ஆலையின் திறந்த முற்றத்தில் வண்டியை நிறுத்திச் சோதித்தோம். ஏறத்தாழ 20 நிமிடங்களில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறியது. திரையில் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற அளவு) மேல் காட்டியது. அனைவரையும் இறக்கி, கதவுகளையெல்லாம் திறந்துவிட்டு, கருவி ஆறிய பின் கீழே படுத்துப் பார்த்தேன். புகைக்குழாயை ஹீட்டரோடு இணைக்கும் கிளாம்ப் சற்றுத் தளர்ந்திருந்தது. அங்கே கசிந்த புகை கேஸ்கட்டின் இடைவெளி வழியாக மேலேறியது. வண்டிக்காற்றை இழுக்கும் விசிறி அதற்கு மிக அருகில் இருந்ததால், அந்தப் புகையை அது எங்கள் பக்கமே வீசியது. இரண்டு பிழைகளில் ஒன்று இல்லாதிருந்தாலும் அன்று அந்த எச்சரிக்கை ஒலித்திருக்காது.

திருத்திய முறை இது. துளை போடும் இடத்தின் கீழே பிரேக் குழாய், மின்கம்பி, டீசல் தொட்டி, சேசிஸ் சட்டம் எதுவும் இல்லை என்று கீழிருந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். ஹீட்டரின் அடிப்பாகத்தைவிட எல்லாப் பக்கமும் அகலமான, 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத்தகட்டை லேத் பட்டறையில் சமதளமாக வெட்டி வாங்குங்கள். தரையில் பெரிய துளை போட்டு, அந்தத் தகட்டை அதன் மேல் வைத்து, விளிம்பு முழுவதும் வெல்டிங் செய்து துருக்காப்பு பூசுங்கள். அதன் மேல் கேஸ்கட், அதன் மேல் ஹீட்டர். நட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். முடித்த பின் விசிறியைக் கையால் சுழற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும். சிலிகான் பசையை மட்டும் நம்பி இடைவெளியை அடைப்பதை நான் ஏற்பதில்லை. வெப்பத்திலும் அதிர்விலும் அது ஒரு நாள் விட்டுவிடும்.

புகைக்குழாய்

இணைப்புகள் அனைத்தும் வண்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். குழாயின் முனை வண்டியின் பக்கவாட்டு விளிம்பைத் தாண்டி, கதவுக்கும் சன்னலுக்கும் விலகி நிற்கட்டும். வண்டிக்கு அடியிலேயே முடிந்தால் புகை அங்கே தேங்கும். வண்டி ஓடும் திசையை நோக்கியும் முனை இருக்கக் கூடாது. வெளிக்காற்றை இழுக்கும் குழாயின் வாயும் புகை வரும் முனையும் எதிரெதிர்ப் பக்கங்களை நோக்கட்டும். எரியும்போது தண்ணீரும் உண்டாவதால் குழாய் சரிந்து இறங்க வேண்டும். சைலன்சரில் உள்ள சிறு துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும். குழாய் கடுமையாகச் சுடும் என்பதால் டயர், பிரேக் குழாய், மரப்பலகை ஆகியவற்றிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் நாடாவைச் சுற்றிவிடுங்கள்.

டீசலும் மின்சாரமும்

கருவியோடு வரும் பிளாஸ்டிக் தொட்டியைச் சிலர் இருக்கைக்கு அடியில் வைக்கிறார்கள். அது கூடவே கூடாது. வண்டியின் டீசல் தொட்டியிலேயே தனி உறிஞ்சுகுழாய் இறக்குவது என் தேர்வு. அது அடிமட்டம் வரை செல்லாமல் சற்று மேலே முடிந்தால், ஹீட்டர் எவ்வளவு எரித்தாலும் வண்டி ஓட டீசல் மிஞ்சும். கூடவே வரும் மென்மையான பச்சைக் குழாயை ஒதுக்கிவிட்டு, 2 மில்லிமீட்டர் உட்துளையுள்ள கடினமான நைலான் குழாயை வாங்குங்கள். புதிய பிளேடால் நேராக வெட்டி, ரப்பர் உறைக்குள் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும்படி செருகினால் காற்றுக்குமிழி தங்காது. டீசல் பம்ப் படுக்கையாக இருக்கக் கூடாது. டீசல் வெளியேறும் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

பற்றவைக்கும்போது, டீசலைப் பற்றச்செய்யும் சூடேற்றியான குளோ பிளக் 10 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய கம்பியில் வோல்டேஜ் விழுந்து கருவி பற்றாது. ஆகவே 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, கையேட்டில் சொன்ன ஃபியூஸை பேட்டரிக்கு அருகிலேயே வையுங்கள். நிறுத்தும்போது ஹீட்டரின் சுவிட்சால் மட்டுமே நிறுத்துங்கள். விசிறி சில நிமிடம் ஓடி உட்பகுதியை ஆற்றிய பிறகே அது தானாக நிற்கும். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்தால் வெப்பம் உள்ளேயே தேங்கிக் கருவியைக் கெடுக்கும். டீசல் நிரப்பும்போது ஹீட்டர் முழுவதும் அணைந்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டம்

திறந்தவெளியில், கதவுகளைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் ஒருபோதும் வேண்டாம். பற்றும் நேரத்தில் வெள்ளைப் புகை வரும். அந்தச் சில நொடிகள் கீழே குனிந்து ஒவ்வோர் இணைப்பையும் பார்ப்பது நல்லது. கசிவு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் நேரம் அதுதான்.

வாகனங்களுக்கான ஈ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தரச்சான்று பெற்ற கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்குங்கள்: ஒன்று படுக்கும்போது தலைமட்டத்தில், மற்றொன்று ஹீட்டரின் பக்கத்தில். புகை எச்சரிக்கைக் கருவி இதற்கு மாற்றாகாது. கார்பன் மோனாக்சைடு கருவிகள் 50 பிபிஎம் அளவில் ஒரு மணி நேரத்திற்குப் பின்னும், 300 பிபிஎம் அளவில் 3 நிமிடத்திற்குள்ளும் ஒலிக்கும். இத்தனைக்குப் பிறகும், உறங்கும்போது சன்னலை ஒரு விரலளவு திறந்து வைப்பது எங்கள் வீட்டில் மாறாத விதி.

பின்சேர்க்கை 1: தஞ்சாவூரில் தூய்மையாக எரிந்த கருவி லேயில் கரும்புகை விடுகிறது என்று ஒரு நண்பர் எழுதினார். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். டீசலின் அளவு மட்டும் குறையாவிட்டால் எரிதல் முழுமையடையாது, கார்பன் மோனாக்சைடும் கூடும். உயரத்தைத் தானாக உணரும் கருவியை வாங்குங்கள். இல்லையென்றால், கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் டீசல் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். குளிர்காலத்தில் செல்பவர்கள் அங்கே இந்தியன் ஆயில் விற்கும் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள். அது மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும்.

பின்சேர்க்கை 2: மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்ட பிறகுதான் இது நினைவுக்கு வந்தது. பயணம் முடிந்து பல மாதங்கள் வண்டி சும்மா நின்றால், புகைக்குழாயிலும் காற்றுக்குழாயிலும் குளவி மண்கூடு கட்டிவிடும்; வயல்சேறு தெறித்தும் அடைபடும். கம்பிவலையில் கரி படிவதால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு வாய்களுக்கும் ரப்பர் மூடி போட்டு, மூடியிருப்பதை நினைவூட்ட ஹீட்டர் சுவிட்சின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள். அடுத்த முறை பற்றவைப்பதற்கு முன் மூடிகளைக் கழற்றி, குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அந்தத் துணியை அவிழ்க்க வேண்டும்.