டர்க்காய்ஸ் கல் நிறம் மாறாமல் இருக்க

டர்க்காய்ஸ் மோதிரம் போடுகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். வைரம், மாணிக்கம் போல இது கெட்டியான கல் இல்லை. பாஸ்பரஸ் கலந்த பாஸ்பேட் கனிமம் இது. கூடவே செம்பு, அலுமினியம், கொஞ்சம் நீரும் சேர்ந்திருக்கும். அந்த நீல நிறம் செம்பு தருவது.

கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெய், வியர்வை, சென்ட், கிரீம் எல்லாம் அதற்குள் இறங்கி, நீலம் மெல்ல மெல்லப் பச்சையடிக்கும். இறங்கிய எண்ணெயை வெளியே எடுப்பது கஷ்டம். அதனால் அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக மோதிரத்தைப் போடுங்கள். அழுக்குப் பட்டால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும். வெந்நீர், ஆவி, கடைகளில் இருக்கும் அல்ட்ராசோனிக் மெஷின் எதுவும் வேண்டாம்.

அப்புறம், கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்பதை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இதன் கடினம் 5 முதல் 6 வரைதான். மணல் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் 7. தூசியோடு அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். மற்ற நகைகளோடு போடாமல் தனியாக ஒரு துணிப்பையில் வையுங்கள்.

வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: சாயம் ஏற்றிய ஹௌலைட்டா (டர்க்காய்ஸ் மாதிரி காட்டப்படும் வேறொரு வெள்ளைக் கல்), அசல் கல்லா? ஹௌலைட்டில் பாஸ்பரஸே கிடையாது.