பழைய பட்டியலில் ‘இந்தியா’: மாளிகைப் பொருள்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் கிராமப்புற மாளிகைகளில் பழைய பொருள் பட்டியல்களைப் படிக்க வருகிற புதியவர்களுக்குக் கூட இருந்து உதவுகிறேன். போன வாரம் ஒரு மாணவி காட்டிய குறிப்பில் நான் முன்பு செய்த அதே தவறு இருந்தது: பெயரை நம்பி, பொருள் செய்த இடத்தை எழுதிவிடுவது. தேதியைத் தப்பாகப் படிப்பதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இது அப்படிப் போகாது.

‘இந்தியா’ என்றதும் இந்தியா என்று எழுதிவிடுவது

18-ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் ‘இந்தியா பேப்பர்’ என்று வரும். அது சீனாவில் கையால் வரைந்த சுவர்த்தாள். கிழக்கிந்தியக் கம்பெனி வழியாக வந்த சரக்குக்கெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யார்க்‌ஷயரின் நாஸ்டல் பிரையரி மாளிகையில் 1771-இல் மரச்சாமான் செய்பவரான தாமஸ் சிப்பண்டேல் ஒட்டிக்கொடுத்ததும் சீனத் தாள்தான்: பூங்கிளைகள், அவற்றில் உட்கார்ந்த பறவைகள்.

நான் ஒரு மாளிகையின் கையேட்டில் இப்படியொரு தாளை ‘இந்தியாவில் செய்தது’ என்று எழுதினேன். பக்கத்திலிருந்த ‘கோரமண்டல் திரை’ என்ற மடக்கு மரத்தட்டியை நம் சோழமண்டலக் கரை வேலை என்றே சேர்த்தேன். பெயரைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தில் சரிபார்க்கவில்லை. அதுவும் சீன அரக்கு வேலை. நம் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர். அச்சடித்த கையேடுகளைத் தூக்கிப்போட்டோம். அதற்குள் வாங்கிப்போனவர்களிடம் அந்தப் பொய் இன்னும் இருக்கிறது. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நம் கரையில் உண்மையாகவே செய்த பொருளைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். சாயவேரின் சிவப்பு ஏறிய, கையால் தீட்டிய பருத்தித் துணி அது. பிரிட்டனில் சிண்ட்ஸ் என்பார்கள். உள்ளூர் நெசவாளர்களுக்காக 1721-இல் சட்டம் போட்டுத் தடுத்தும் அதன் மேல் ஆசை போகவில்லை. நடிகர் டேவிட் காரிக்கின் ஹாம்ப்டன் வீட்டுக் கட்டிலுக்கு வந்த சோழமண்டலத் துணியைச் சுங்கக்காரர்கள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டில் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே சுவரில் தாள் என்றால் சீனாவைத் தேடுங்கள். கட்டிலில் தீட்டுத்துணி தொங்கினால் நம் கரைப் பக்கம் வாருங்கள்.

‘ஜப்பான்’ பூச்சு

பட்டியலில் ‘ஜப்பான்’ என்றிருந்தால் அது ஆசிய அரக்கு வேலையைப் போலச் செய்த பளபளப்புப் பூச்சு; பெரும்பாலும் இங்கிலாந்துப் பட்டறையில் போட்டது.

வெளிச்சுவரை வைத்து உள்ளே எழுதுவது

இங்கிலாந்தின் செசின்கோட் மாளிகைக்கு வெளியே முகலாயக் குவிமாடம். ஆனால் உள்ளே போனால் ஐரோப்பியச் செவ்வியல் அறைகள்.

மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

மஹோகனி நாற்காலியா? ஜமைக்காவில் அந்த மரத்தை அடிமைகள் வெட்டினார்கள். அதையும் எழுதுங்கள்.