மொக்கை ஏலியன் படம் எடுக்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

அட்டைப்பெட்டி விண்கலம், ரப்பர் ஏலியன், "பூமிக்கு இன்னும் ஆறு மணி நேரம்தான் இருக்கிறது" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லும் விஞ்ஞானி. 1950களின் அமெரிக்க மலிவு சை-ஃபி படங்களிலிருந்து இந்தச் சரக்கை எடுத்து, வேண்டுமென்றே மொக்கையாகக் குறும்படம் செய்ய இன்று நிறையப் பேர் வருகிறார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை. பேட்டரி சார்ஜ் போடாமல் வருவது, செவ்வாய்க் கிரகத்துக்குப் பின்னால் கொடியில் லுங்கி காய்வது போன்றவற்றை விட்டுவிடுவோம். அவை முதல் எடிட்டிலேயே தெரிந்துவிடும்.

மான்ஸ்டரை வேண்டுமென்றே கெடுப்பது

பணத்தையும் படத்தையும் சேர்த்து விழுங்குவது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறைவதில்லை. "எப்படியும் சிரிக்கத்தானே போகிறார்கள்" என்று அட்டையில் அலுமினிய ஃபாயிலைச் சுற்றி, பிங்பாங் பந்தில் கண் வைத்து, அரை மணியில் ஒரு ஏலியனை முடித்துவிடுகிறார்கள். முதல் ஷாட்டில் சிரிப்பு வரும். மூன்றாவது ஷாட்டில் பார்ப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்: இவர்கள் முயற்சியே செய்யவில்லை. மீதிப் பத்து நிமிடத்தை இழுக்க எதுவும் மிச்சமிருக்காது. பிறகு "சிஜி போட்டு மாற்றிவிடலாம்" என்று கிளம்புவார்கள். நல்ல உடை தைக்கிற காசு அங்கே இரண்டு மடங்காகப் போகும்.

பழைய படங்கள் மொக்கையானது வேறு வழியில். ‘ரோபாட் மான்ஸ்டர்’ (1953) எடுத்த ஃபில் டக்கருக்கு ரோபோ உடை செய்யக் காசில்லை. நடிகர் ஜார்ஜ் பேரோஸிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது. அதன் தலைக்குப் பதிலாக ஆன்டெனா வைத்த ஹெல்மெட்டை மாட்டி வேற்றுக்கிரகவாசி ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்த ரோமக் குவியல், மேலிடத்து உத்தரவுக்கும் தன் மனசுக்கும் நடுவே தவித்துத் தனியாகப் புலம்பும் காட்சியில் ஒரு துளி கிண்டல் கிடையாது. ‘டார்க் ஸ்டார்’ (1974) படத்தின் ஏலியன் வெறும் கடற்கரைப் பந்து, அடியில் நகம் வைத்த இரண்டு பாதம், அவ்வளவுதான். ஆனால் அது துள்ளுகிறது, ஒளிகிறது, வம்பு பண்ணுகிறது. விண்கலத்தில் ஒருவர்கூட அதைப் பந்து என்று நினைத்து நடந்துகொள்வதில்லை. பொருள் மலிவு, உழைப்பு முழுசு. அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் பிரியமும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே கைக்கு எட்டிய பொருளில், முடிந்தவரை நன்றாகவே செய்யுங்கள். சோஃபாவுக்குப் போடும் ஃபோம், ஒரு அங்குல கனத்தில் வாங்குங்கள். உடையைப் போடப்போகிறவருக்குப் பழைய சட்டை, பேன்ட் மாட்டி, கழுத்துக்குக் கீழே பேக்கிங் டேப் சுற்றி, பேனாவால் வெட்டுக்கோடு வரைந்து கழற்றினால் அதுவே அளவுத்தாள். ரெக்சின் ஒட்டும் எஸ்.ஆர். பசையை ஃபோமின் இரு விளிம்பிலும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டுப் பிறகு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் முட்டி மடக்கும்போது பிளந்துவிடும். அக்குள், முழங்கை உட்புறம், முட்டியின் பின்புறம் மூன்றிலும் ஃபோம் வேண்டாம், இழுபடும் துணி மட்டும்.

மேலே லேடெக்ஸ் நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. குமரி மாவட்டத் தோட்டத்திலிருந்து நேராக ரப்பர் பால் வாங்கி வந்து பூசுகிறவர்கள் உண்டு. அதில் ரப்பர் 30–40 சதவீதம்தான், சீக்கிரம் திரிந்தும் போகும். அம்மோனியா சேர்த்த 60 சதவீத லேடெக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாடை கண்ணைக் கரிக்கும். வெறும் அக்ரிலிக் பெயின்ட்டை மேலே அடித்தால் உடல் அசையும்போது வெடித்து உதிரும், அதை லேடெக்ஸிலேயே கலந்து கடைசிப் பூச்சாகக் கொடுங்கள். காய்ந்ததும் முகப்பவுடர் தூவுங்கள். இல்லையென்றால் மடித்த இடம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே வராது.

தலை தனிக்கதை. மான்ஸ்டரின் கண் வழியாக நடிகர் பார்க்க வேண்டியதில்லை. வாய்க்குள் கறுப்பு வலைத்துணி வைத்து அதன் வழியே பார்க்கட்டும். உச்சியில் 5 வோல்ட் மின்விசிறி ஒன்று, காற்றை வெளியே தள்ளும் பக்கமாக, பவர் பேங்கில் இணைத்து. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுக்க என்றே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளிருந்து கத்தினால் வெளியே கேட்காது, எனவே ‘கழற்று’ என்பதற்கு ஒரு கைச்சைகையை முன்பே பேசிவையுங்கள். இதைச் சிக்கனம் என்று விட்டவர்களின் ஷூட்டிங் மதியத்தோடு முடிந்திருக்கிறது.

கடைசியாக உயரம். மலிவு சை-ஃபி படங்களின் இயக்குநர் ரோஜர் கோர்மன் 1956இல் ஒரு வெள்ளிக்கிரக ஏலியனை, ஈர்ப்பு அதிகமுள்ள கிரகத்துப் பிராணி குட்டையாகத்தான் இருக்கும் என்று யோசித்துத் தரையோடு தரையாகச் செய்யவைத்தார். நாயகி பெவர்லி கார்லண்ட் அதன் பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்துக் கேலி செய்த பிறகு அதை உயர்த்த வேண்டியிருந்தது என்று கோர்மனே பின்னாளில் சொன்னார். வெள்ளியின் ஈர்ப்பு உண்மையில் பூமியைவிடச் சற்றுக் குறைவு. விஞ்ஞானமும் தப்பு, ஃபிரேமும் தப்பு. மான்ஸ்டரின் கண் நாயகியின் கண்ணைவிட ஒரு சாணாவது மேலே இருக்கிறதா என்று, பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இருவரையும் நிறுத்திக் கேமராவில் பாருங்கள்.

நடிகர் கண்ணடிப்பது

"நாங்களும் இதை நம்பவில்லை" என்று முகத்தால் சொல்லிவிட்டால் படம் அங்கேயே முடிந்தது. லாரி பிளேமைர் எடுத்த ‘தி லாஸ்ட் ஸ்கெலிட்டன் ஆஃப் கடாவ்ரா’ (2001) டிஜிட்டலில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்கிய நையாண்டி. ரோபாட் மான்ஸ்டர் சுற்றித் திரிந்த லாஸ் ஏஞ்சல்ஸின் அதே பிரான்சன் கான்யனில் எடுத்தது. அதில் எவ்வளவு அபத்தமான வசனத்தையும் நடிகர்கள் முழு மரியாதையோடு பேசுகிறார்கள். செட்டில் சிரித்துச் சிரித்து எடுத்த டேக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். யாருமே சிரிக்காத டேக்தான் வேண்டும்.

மினியேச்சரை 24 ஃபிரேமில் எடுப்பது

10 மீட்டர் உயரக் கட்டடத்திலிருந்து விழும் செங்கல் தரையைத் தொட சுமார் 1.4 விநாடி ஆகும். அதையே 1/25 அளவில், 40 செ.மீ. மாடலாகச் செய்தால் 0.3 விநாடிகூட ஆகாது. பொம்மை என்பதைக் காட்டிக்கொடுப்பது பெயின்ட் இல்லை, இந்த வேகம்தான். கணக்கு எளிது: சினிமாவின் வழக்கமான வேகமான விநாடிக்கு 24 ஃபிரேமை, மாடல் எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 25க்கு 5, அதாவது விநாடிக்கு 120 ஃபிரேம். கைபேசியின் ஸ்லோமோஷன் அதுதான். மேட்ச்பாக்ஸ் அளவு கார் ஏறத்தாழ 1/64, எனவே 192 வரும். 240இல் எடுத்து எடிட்டில் சற்று வேகப்படுத்தலாம்.

120க்கு ஐந்து மடங்கு வெளிச்சம் தேவை. வீட்டு எல்இடி பல்புகள் பல இந்த வேகத்தில் விட்டுவிட்டு மினுக்கும், மொட்டை மாடி வெயில் போதும். இடிபாட்டுப் புழுதிக்கு முல்தானி மட்டி. தண்ணீரைத் தவிருங்கள், எந்த வேகத்தில் எடுத்தாலும் துளி துளியாகவே இருக்கும். லென்ஸ், பொம்மைத் தெருவில் நிற்கும் ஆளின் கண் உயரத்தில்.

தட்டின் நூலை வேண்டுமென்றே காட்டுவது

‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற பழைய சை-ஃபி படத்தின் பறக்கும் தட்டுகளைக் கார் வீல்கப் என்று இன்றும் எழுதுகிறார்கள். அவை கடையில் விற்ற பிளாஸ்டிக் மாடல் கிட்கள். நூல் தெரிந்தது விபத்து. நீங்கள் மறைக்க முயலுங்கள், எப்படியும் கொஞ்சம் தெரியும். ஒற்றை நூலில் தட்டு சுழலும், மூன்று நூல் கட்டுங்கள். தட்டையும் கேமராவையும் தலைகீழாக வைத்து எடுத்தால், நூல் கீழே போய்விடும். பார்ப்பவர் மேலேதான் தேடுவார்.

பழைய ஃபிலிம் கீறல் ஃபில்டர்

வேண்டாம். அந்தப் படங்கள் வெளியான அன்று கீறலோடு வரவில்லை.

நாற்பது நிமிடம் படம் எடுப்பது

பன்னிரண்டு நிமிடம் போதும்.

ஒலியையும் மொக்கையாக விடுவது

அட்டை விண்கலத்தை மன்னிப்பவர்கூட, கேட்காத வசனத்தை மன்னிக்க மாட்டார். ‘தி க்ரீப்பிங் டெரர்’ (1964) படத்தில் பாதிப் பேச்சை ஒரு அறிவிப்பாளர்தான் சுருக்கிச் சொல்லிக்கொண்டு போகிறார். நடந்து வரும் கம்பளம் போன்ற அந்த ஏலியனைவிட அதுதான் பார்ப்பவரைக் களைப்பாக்குகிறது. காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மான்ஸ்டருக்குள்ளிருந்து பேசுவதைப் பதிவு செய்ய முயலாதீர்கள், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதன் முன் நின்று தனியாக டப் செய்யுங்கள்.

லேசர் சத்தத்தை இணையத்தில் தேட வேண்டாம், எல்லாரும் அதே நான்கைந்தைத்தான் போடுகிறார்கள். படியில் தானாக இறங்கும் ஸ்பிரிங் பொம்மையின் ஒரு முனையைக் காகிதக் கப்பின் அடியில் ஒட்டித் தொங்கவிட்டு, கப்புக்குள் மைக் வைத்து, கீழ்முனையை ஸ்பூனால் தட்டுங்கள். கம்பியில் கீச்சு ஒலி முதலில் ஓடிவரும், கனத்த ஒலி பின்னால் வரும், அதனால் ‘ப்யூ’ என்று சரியும். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தின் லேசர் துப்பாக்கிக்கு ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், ஆன்டெனா கோபுரத்தின் இழுகம்பியைத் தட்டி எடுத்ததும் இதே சங்கதிதான். பிளாஸ்டிக் ஸ்பிரிங்கில் வராது, இரும்பு ஸ்பிரிங் என்று கேட்டு வாங்குங்கள்.